புகை அடிக்கும் முன் இரத்தத்தைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆய்வுக்கூடங்களுக்குக் கொட்டும் பணத்தில் கொசுவைக் கொல்ல இன்னும் நாலு புகை மெஷின் வாங்கலாமே என்று சென்ற ஞாயிறு ஒரு வாசகர் எழுதியிருந்தார். தோட்ட ஆஸ்பத்திரியில் டிரெசராக, அதாவது மருத்துவ உதவியாளராக, இருந்தவன் நான். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை.

சுங்கை சிப்புட்டில் இருந்துகொண்டு 1998ஐ மறக்க முடியுமா? ஈப்போ பக்கம் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்கு மூளைக்காய்ச்சல் கண்டதும், கொசு பரப்பும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல்தான் என்று முடிவு கட்டி ஊசி போட்டார்கள், புகை அடித்தார்கள். நோயோ நெகிரி செம்பிலான், புக்கிட் பெலாண்டோக் வரை போய்விட்டது. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் கிருமியைப் பிரித்தெடுத்த பிறகுதான், அது பன்றியிடமிருந்து நேராகத் தொற்றும் புது வைரஸ் என்று தெரிந்தது. அதுதான் நிப்பா. 265 பேரில் 105 பேர் இறந்தார்கள். கொசுவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை!

குரங்கிடமிருந்து வரும் நோலெசி மலேரியாவைப் பாருங்கள். மைக்ரோஸ்கோப்பில் அதன் கிருமி, 'மலேரியே' என்ற இன்னொரு மலேரியாக் கிருமியை அப்படியே உரித்து வைத்ததுபோல் இருக்கும். 2004இல் வெளியான சரவாக், காப்பிட் ஆய்வில், 208 மலேரியா நோயாளிகளின் இரத்தத்தை மரபணுச் சோதனைக்கு உட்படுத்தியதில் 120 பேருக்கு நோலெசி. மலேரியே கிருமி பெருக 72 மணி நேரம் வேண்டும். நோலெசிக்கு 24 மணி நேரம் போதும். அடையாளம் தவறினால் ஆள் உயிருக்கே ஆபத்தாகலாம். அதைப் பரப்பும் கொசு காட்டோரத்தில் கடிப்பது. தாமான் குடியிருப்புச் சாக்கடையில் புகை அடித்து என்ன பயன்?

டிங்கிக்கும் புகை அரைகுறை வைத்தியம்தான். மெஷின் சத்தம் கேட்டதும் நம் வீடுகளில் சோற்றுப் பானையை மூடி, ஜன்னலையும் சாத்திவிடுகிறோம். அப்படியே புகை உள்ளே வந்தாலும் சாவது பறக்கும் கொசுதான். பூச்சாடித் தட்டில் நெளியும் புழு தப்பிவிடும். கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆய்வுக்கூடத்தில் வளர்த்த வொல்பாக்கியா கொசுக்களை (டிங்கிக் கிருமியைப் பெருகவிடாத வொல்பாக்கியா என்ற பாக்டீரியாவை ஏற்றியவை)ச் சிலாங்கூரில் விட்டபோது, அந்த இடங்களில் டிங்கி சுமார் 40 விழுக்காடு குறைந்தது. எந்தப் புகை இதைச் செய்தது?

எங்கள் வட்டாரத்துக்கு வேண்டியது, எடுத்த இரத்தத்துக்கு அன்றைக்கே முடிவு. இப்போது நாள் கணக்கில் காத்திருக்கிறோம். டிங்கியை முதல் சில நாளிலேயே காட்டும் என்எஸ்1 சோதனை அட்டை எல்லா கிளினிக்கிலும் தீராமல் இருக்க வேண்டும். கூடவே, காய்ச்சல்காரர் பால்மரம் வெட்டுகிறவரா, செம்பனை வெட்டுகிறவரா, காட்டோரம் போய் வந்தாரா என்று பதிவுத் தாளில் ஒரு வரி சேர்த்துவிட்டால், எந்தச் சோதனைக்கு அனுப்புவது என்று டாக்டருக்கு உடனே தெரியும்.

ஓய்வுபெற்ற டிரெசர்,
சுங்கை சிப்புட், பேராக்