ஒரு ஃபிரேமுக்கு நாலு சென்ரிமீற்றர்

ஹட்டன்

அன்புள்ள சிவா,

கடிதம் கிடைத்தது. இங்கே மூன்று நாளாய் வெயிலைக் காணோம், மைதானமெல்லாம் சேறு. பிள்ளைகளுக்கு மண்டபத்துக்குள்தான் பயிற்சி.

போன மாதம் 35 சென்ரிமீற்றர் எம்பிக் குதித்த பிள்ளை இப்போது 31தான் எம்புகிறாள், பயிற்சியில் பிழையா என்று கேட்டிருந்தாய். பிள்ளையை விடு, வீடியோவைப் பார். எம்பிய உயரத்தைச் சொல்லும் உன் போன் செயலி உயரத்தை அளப்பதே இல்லை. வீடியோவில் கால் தரையை விட்ட ஃபிரேமிலிருந்து, அதாவது தனிப்படத்திலிருந்து, மறுபடி தொட்ட ஃபிரேம் வரை உள்ள நேரத்தை எடுத்து, அதன் வர்க்கத்தைப் புவியீர்ப்பு முடுக்கமான 9.81ஆல் பெருக்கி 8ஆல் வகுக்கிறது, அவ்வளவுதான். 0.5 செக்கன் காற்றில் இருந்தால் 30.7 சென்ரிமீற்றர். சாதாரண வீடியோவில் செக்கனுக்கு 30 ஃபிரேம். ஒரே ஒரு ஃபிரேம் தள்ளிக் குறித்தாலும் விடை 34.9 ஆகிவிடும். உன் கவலை முழுவதும் அந்த ஒரு ஃபிரேமுக்குள் அடங்கும்! 240 ஃபிரேமில் எடுத்தால் அதே பிழை அரைச் சென்ரிமீற்றர்தான்.

ஆகவே ஸ்லோ மோஷனை 240இல் வை. 960 என்று விளம்பரம் செய்யும் சில போன்கள் எடுக்காத ஃபிரேம்களைத் தாமே செய்து இடையில் செருகும், அது அளப்பதற்கு உதவாது. பனி மூட்டம் இறங்கும் முன் காலையிலேயே எடு. வெளிச்சம் போதாவிட்டால் சப்பாத்தின் விளிம்பு கலங்கி, தொட்டதா இல்லையா என்றே தெரியாது. போனைத் தரையோடு ஒரு செங்கல்லில் சாய்த்து, பாதங்களுக்கு நேரே ஒன்றரை மீற்றர் தள்ளி வை. போனுக்குப் போன் அனுப்பிச் சுருங்கிய வீடியோவை அளக்காதே.

இன்னொரு கள்ளத்தனம் முழங்காலில் இருக்கிறது. மடக்கிக்கொண்டு இறங்கினால் கால் தொடுவது தாமதமாகி, எம்பாத உயரமும் கணக்கில் சேரும். நீட்டிய காலோடு நுனிப்பாதம் தொட்ட பிறகு மடங்கட்டும். மூன்று தடவை குதிக்கவிடு, ஃபிரேம் பார்ப்பது எப்போதும் ஒரே ஆளாக இருக்கட்டும்.

ஓட்ட நேரத்தை அளக்க, துப்பாக்கிச் சத்தம் கேட்டு ஓடத் தொடங்கும் போன் டைமர்களும் ஏமாற்றும். போன் முடிவுக் கோட்டில் இருந்தால், 30 மீற்றர் தாண்டிச் சத்தம் வந்து சேர ஏறக்குறைய 0.09 செக்கன் ஆகும், காட்டும் நேரம் அவ்வளவு குறைந்துவிடும். 100 மீற்றரில் 0.29. தூரத்தை 340ஆல் வகுத்து வருவதைக் கூட்டிக்கொள். கையில் ஸ்டாப்வாட்ச் வைத்திருப்பவரைத் துப்பாக்கிப் புகையைப் பார்த்து அமுக்கச் சொல்வதும் இதற்குத்தான்.

ஜிபிஎஸ்ஸை ஓட்ட வேகத்துக்கு நம்பாதே. பெரும்பாலும் செக்கனுக்கு ஒரு தடவைதான் இடத்தைக் குறிக்கிறது, அதற்குள் பிள்ளை ஏழெட்டு மீற்றர் போய்விடும். தோட்டத்து ரோட்டில் கொண்டை ஊசி வளைவுகளைக் குறுக்கே வெட்டி, தூரத்தையும் குறைத்துக் காட்டும். டேப் பிடித்து அளந்த பாதைதான் பாதை. கெமராவில் விரல் வைத்து நாடித்துடிப்பு பார்ப்பதென்றால் முதலில் கையைத் தேய்த்துச் சூடாக்கச் சொல், குளிர்ந்த விரலில் ரத்த ஓட்டம் குறைவு.

அடுத்த கடிதத்தில் செயலி சொன்ன உயரத்தை எழுதாதே. கால் விட்ட ஃபிரேம் எண், தொட்ட ஃபிரேம் எண், இரண்டையும் அனுப்பு.

அன்புடன்,
யோகன்