யாழினி ஆடட்டும்

அன்புள்ள செல்விக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முட்டிவலிதான் விட்டபாடில்லை.

போனில் பேசினால் பாதியிலேயே "அப்புறம் பேசறேம்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். அங்கே ஜெர்மனியில் என் பேத்தி யாழினி கிளப்பில் சேர்ந்து ஃபுட்பால் ஆடக் கேட்கிறாள், சம்பந்தியம்மா கூடவே கூடாது என்கிறார், மாப்பிள்ளை இரண்டு பக்கமும் தலையாட்டுகிறார் என்றாய். "ஜெர்மன்காரங்களுக்கு அது பழக்கம், நமக்கு எதுக்கு?" என்று சம்பந்தியம்மா கேட்டாராம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் பெண்கள் ஃபுட்பால் ஆடுவது ஜெர்மன்காரர்களுக்கும் பழக்கமாக இருந்ததில்லையே!

1930ல் பிராங்பர்ட்டில் லோட்டே ஸ்பெக்ட் என்று ஒரு கறிக்கடைக்காரர் மகள். பேப்பரில் விளம்பரம் கொடுத்துப் பெண்களைத் திரட்டி ஒரு கிளப் ஆரம்பித்தாள். ஆடப்போனால் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் கல்லால் அடித்தார்கள். அடுத்த வருஷமே கிளப் கலைந்துபோயிற்று.

1954ல் மேற்கு ஜெர்மனி ஆண்கள் உலகக் கோப்பையை ஜெயித்ததும் பெண்களுக்கும் ஆசை வந்தது. பெரியவர்கள் விடுவார்களா? 1955 ஜூலையில் அவர்களுடைய கால்பந்து சங்கம் தடை போட்டது. பந்துக்காக மல்லுக்கட்டினால் பெண்ணின் நளினம் போய்விடும், உடம்பும் மனசும் கெடும், உடம்பைக் காட்டி ஆடுவது அடக்கத்துக்கு ஆகாது. இதெல்லாம் அவர்கள் எழுதிவைத்த காரணங்கள். படித்தபோது சம்பந்தியம்மா குரலே காதில் விழுந்தது. (இதை அவரிடம் சொல்லிவிடாதே.) கிளப்புகள் பெண்கள் அணி வைத்துக்கொள்ளக் கூடாது, மைதானம் தரக் கூடாது, நடுவர்கள் விசில் ஊதக் கூடாது. மீறி ஆடிய இடங்களில் போலீஸ் வந்து வெளியேற்றியதும் உண்டு.

அதற்கு மறு வருஷம் நடந்ததுதான் எனக்குப் பிடித்தது. அதுவும் உங்கள் ஊர் எஸ்ஸனிலேயே! 1956 செப்டம்பரில், கார்னாப் பக்கம் நிலக்கரிச் சுரங்கத்தின் பெயரில் இருந்த மத்தியாஸ் ஸ்டின்னஸ் மைதானத்தில், ஜெர்மன் பெண்களுக்கு ஹாலந்துப் பெண்களோடு ஒரு மேட்ச். தடை இருந்தும் 18,000 பேர் பார்க்க வந்தார்கள். 2-1 என்று ஜெயித்தும் காட்டினார்கள். மறு வருஷம் மியூனிக் மாநகராட்சியும் தன் மைதானத்தைத் திறந்துவிட்டது. சங்கம் முறைத்துக்கொண்டு இருந்தது, அவ்வளவுதான்.

தடையை எடுக்க 1970 ஆயிற்று. அதுவும் மனம் மாறி எடுத்ததில்லை. பெண்கள் தனியாகச் சங்கம் தொடங்கிவிடுவார்களோ என்ற பயம்தான். எடுத்த பிறகும் ஏகப்பட்ட நிபந்தனைகள்: ஆட்டம் 70 நிமிஷம்தான், பந்து லேசாக இருக்கணும், ஷூ அடியில் வழுக்காமல் இருக்க வைக்கும் ஸ்டட் (குமிழ்) கூடாது, குளிர்காலத்தில் ஆடவே கூடாது. ஈர மண்ணில் ஸ்டட் இல்லாமல் ஓடவிட்டால்தான் கால் பிசகும். பி.டி. டீச்சரான எனக்குத் தெரிந்தது அந்தப் பெரிய மனிதர்களுக்குத் தெரியவில்லை.

1981ல் தைவானில் ஒரு போட்டிக்கு அழைப்பு வந்தது. அனுப்ப தேசிய அணியே இல்லை. பெர்கிஷ் கிளாட்பாக் என்ற ஊர் கிளப் அணி போய்க் கோப்பையோடு திரும்பியது. அப்புறம்தான் விழித்துக்கொண்டு 1982ல் தேசிய அணி அமைத்தார்கள். முதல் மேட்சில் சுவிட்சர்லாந்துக்கு எதிராக 5-1.

1989 ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியில் கோல்கீப்பர் மரியன் இஸ்பெர்ட் இத்தாலியின் மூன்று பெனால்டிகளைத் தடுத்துவிட்டு, கடைசி பெனால்டியையும் தானே அடித்து உள்ளே போட்டார். இறுதியாட்டத்தில் நார்வேயை 4-1. இதற்குச் சங்கம் கொடுத்த பரிசு என்ன தெரியுமா? ஆளுக்கொரு காபி செட்! பூப்போட்ட கப்பும் சாஸரும். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

2013க்குள் எட்டு ஐரோப்பியக் கோப்பை, 2003லும் 2007லும் உலகக் கோப்பை. 2007ல் போட்டி முழுவதும் ஒரு கோல்கூட விடவில்லை. அதற்கப்புறம் 2016ல் ஒலிம்பிக் தங்கம் வந்ததே தவிர, பெரிய கோப்பை எதுவும் வரவில்லை. 2023 உலகக் கோப்பையில் முதல் சுற்றோடு மூட்டை கட்டினார்கள். இங்கிலாந்தும் ஸ்பெயினும் பணமும் ஆளும் போட்டு முந்திவிட்டன. ஐரோப்பிய கிளப் கோப்பையை இரண்டு தடவை வென்ற போட்ஸ்டாம் அணி 2023ல் முதல் டிவிஷனிலிருந்தே இறங்கிவிட்டது. தடையை எடுத்தால் மட்டும் ஆயிற்றா? காசு போடணும், ஆள் வளர்க்கணும். அதில்தான் கோட்டைவிட்டார்கள் என்பது என் கணக்கு.

மாப்பிள்ளையிடம் அலெக்ஸாண்ட்ரா பாப் பற்றிச் சொல். உங்கள் பக்கத்து ஊர் கெல்ஸன்கிர்ஷனில் பையன்களோடு பையனாக ஆடிப் பழகி, தேசிய அணிக்குக் கேப்டன் ஆனவர். மிருகக்காட்சி சாலையில் வேலையும் கற்றுக்கொண்டார். அதனால் படிப்பு கெட்டுப்போகும் என்ற பேச்சும் வேண்டாம். யாழினி வயசுக்குப் பையன்கள் அணியிலும் சேர்த்துக்கொள்வார்கள். பெண்கள் அணிதான் வேண்டும் என்றால் உங்கள் ஊரிலேயே எஸ்ஜிஎஸ் எஸ்ஸன் இருக்கிறது, தேசிய அணி வீராங்கனை லெயா ஷ்யூலர் ஆடிய கிளப்.

சேர்த்துவிட்டால் முதலில் முழங்காலுக்குக் கீழே அடிபடாமல் கட்டும் ஷின் கார்டு வாங்கு. "வளர்ற பிள்ளை" என்று ஷூவை ஒரு சைஸ் பெரிசாக வாங்காதே, கொப்புளம் வரும். தோடைக் கழற்றிவிட்டு அனுப்பு. சம்பந்தியம்மாவிடம் ஞாயிற்றுக்கிழமை நானே பேசுகிறேன். நீ குறுக்கே வராமல் இருந்தால் போதும்.

அன்புடன்,
அம்மா