பதில் போடாத ஆள் எழுதுகிறேன்

கோயம்புத்தூர்
ஞாயிறு காலை

அன்புள்ள கண்ணு,

நேற்று ராத்திரி போனில் நீ கேட்டதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. "மூணு ரவுண்டு இன்டர்வியூ வெச்சாங்கப்பா, மூணு வாரமா ஒரு மெயிலுக்கும் பதிலில்ல. மனுசங்கதானா இவங்க?" என்றாய். "பாக்கலாம் கண்ணு" என்று சொல்லிவிட்டு போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். என்ன செய்வது, அந்த மனுசர்களில் ஒருத்தனாக இருந்துதானே இருபத்தாறு வருடம் சம்பளம் வாங்கினேன்!

1992-இல் நான் பம்ப் கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவில் சேர்ந்தபோது, ஆள் எடுப்பது என்றால் புதன்கிழமை ஹிந்துவில் விளம்பரம் கொடுப்பதுதான். பத்து நாளில் கட்டுக்கட்டாக பயோடேட்டா வந்து சேரும். பாதிப்பேர் கைப்பட எழுதியிருப்பார்கள். சிலர் ஸ்டாம்ப் ஒட்டி, தங்கள் விலாசத்தையும் எழுதி ஒரு கவரை உள்ளே வைத்திருப்பார்கள். அந்தக் கவரைக் கையில் எடுத்தால் பதில் போடாமல் இருக்க மனசு வராது. இப்போது பட்டனைத் தட்டினால் விண்ணப்பம் போய்விடுகிறது. நீ ஒரு சாயங்காலத்தில் நாற்பது இடத்துக்கு அனுப்புகிறாய். எல்லாரும் அப்படித்தான் அனுப்புகிறார்கள். அந்தப் பக்கம் உட்கார்ந்து ஆள் எடுக்கும் பெண்ணுக்கும் உன் வயசுதான் இருக்கும். பத்துப் பதினைந்து காலியிடத்தை ஒன்றாக இழுத்துக்கொண்டு கிடப்பாள். ஒரே மெஷின் எழுதிக்கொடுத்த மாதிரி வரும் நூற்றுக்கணக்கான ரெஸ்யூமில் எது நிஜம் என்று கண்டுபிடிப்பதற்குள் அவளுக்குப் பொழுது போய்விடும்.

சரி, உனக்கு ஏன் பதில் வரவில்லை? என் ஊகத்தைச் சொல்கிறேன். நீ இரண்டாவது ஆளாக இருக்கலாம். முதல் ஆளுக்கு ஆஃபர் போயிருக்கும். அவர் சரி என்றும் சொல்லியிருப்பார். ஆனால் அவருக்கு 90 நாள் நோட்டீஸ், அதாவது ராஜினாமா கொடுத்த பிறகும் 90 நாள் பழைய கம்பெனியில் வேலை பார்த்துவிட்டுத்தான் வர முடியும். அந்த 90 நாளில் அவர் கையில் இன்னும் இரண்டு ஆஃபர் சேர்ந்துவிடும். உன்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டால், அவர் வராதபோது உன்னிடம் எந்த முகத்தோடு வருவார்கள்? அதனால் வாயை மூடிக்கொண்டு இருப்பார்கள்.

கம்பெனியை விட்டுவிட்டு, கம்பெனிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் கன்சல்டன்சி நடத்திய வருடங்களில் இந்தப் பயம் எனக்கே தினப்படி சாப்பாடு. ஒருவரைச் சேர்த்துவிட்டால் அவருடைய வருடச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம், எனக்குக் கிடைக்கும். அதுவும் அவர் போய்ச் சேர்ந்தால்தான். மூன்று மாதத்துக்குள் ஓடிவிட்டால் வேறு ஆள் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். "திங்கக்கிழமை வந்துர்றேன் சார்" என்றவரின் போன் திங்கட்கிழமை காலை ஸ்விட்ச் ஆஃப் ஆகியிருக்கும். நான் எத்தனை முறை அந்தப் போனை வைத்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்திருக்கிறேன் என்று அம்மாவைக் கேள். ஆனாலும் அந்தப் பையன்களை என்னால் முழுசாகத் திட்ட முடியவில்லை. 90 நாள் என்று வைத்தது கம்பெனிகள்தானே.

இப்போது உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்று. 2008 கடைசி. குவாலிட்டி பிரிவுக்கு ஓர் ஆள் வேண்டும். உடுமலைப்பேட்டையிலிருந்து டிப்ளமோ படித்த பையன் ஒருவன் மூன்று முறை பஸ் ஏறி வந்தான். மேனேஜருக்குப் பிடித்துப்போயிற்று. "லெட்டர் அடுத்த வாரம் வந்துரும் தம்பி" என்று நான் வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்பினேன். அந்த வாரமே ஆர்டர்கள் நின்று, புதிதாக ஆள் எடுக்க வேண்டாம் என்று மேலே சொல்லிவிட்டார்கள். "ஜனவரியில திறந்தாலும் திறக்கும், இல்லைன்னு சொல்லிராதீங்க" என்று எனக்கு உத்தரவு. அவன் போன் செய்தான். மீட்டிங்கில் இருப்பதாகச் சொல்லச் சொன்னேன். மறுபடி செய்தான். மறுபடியும் மீட்டிங்.

பிப்ரவரியில் நேரிலேயே வந்துவிட்டான். செக்யூரிட்டி ரூம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். என் வார்த்தையை நம்பிப் பழைய வேலையை விட்டுவிட்டானாம். நான் டீ வாங்கிக் கொடுத்தேன். அவன் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. சர்டிபிகேட் ஜெராக்ஸ் மூன்று செட் கொடுத்திருந்தானே, அதை மட்டும் திருப்பித் தர முடியுமா, வேறு இடத்துக்குக் கொடுக்க உதவும் என்றான். பைலில் தேடி எடுத்துக் கொடுத்தேன். ஒரு செட்டின் மேல் என் கையெழுத்தில் 'ஓகே' என்று எழுதியிருந்தது. ரப்பரால் அழிக்கப் பார்த்தேன். பேனாவால் எழுதியது, போகவில்லை. அப்படியே வாங்கிக்கொண்டு போனான்.

அதனால்தான் சொல்கிறேன், கையில் லெட்டர் வராமல் யார் வார்த்தையையும் நம்பாதே. அது உன் அப்பா மாதிரி நல்ல மனுசனாகத் தெரிகிறவனாக இருந்தாலும் சரி. முதல் போனிலேயே, "இந்த இடத்துக்கு ஆள் எடுக்க மேலேயிருந்து அப்ரூவல் வந்துருச்சா?" என்று கேள். கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று நினைக்காதே. எங்களிடம் அதைக் கேட்பவர்கள் குறைவு, கேட்டவரை மறக்க மாட்டோம்.

அப்புறம், உன் ரெஸ்யூமை யார் எங்கே அனுப்புகிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வை. இரண்டு கன்சல்டன்சி உன்னை ஒரே கம்பெனிக்கு அனுப்பினால், கமிஷன் யாருக்கு என்ற தகராறு வரும். அதற்குப் பயந்து உன்னையே ஒதுக்கிவிடுகிற கம்பெனிகள் உண்டு. கம்பெனி பெயரைச் சொல்லாமல் "ப்ரொபைல அனுப்பட்டுமா?" என்று கேட்பவரிடம் சரி சொல்லாதே. வேலைக்குப் பணம் கேட்டால் போனை வைத்துவிடு.

அந்த நாலு மாத வேலையை ரெஸ்யூமில் எடுத்துவிட்டேன் என்றாயே, அதைத் திரும்பப் போடு. சம்பளத்தில் பிடிக்கிற பி.எஃப்.புக்கு 2014-லிருந்து, எத்தனை கம்பெனி மாறினாலும் யு.ஏ.என். என்று ஒரே நம்பர். சர்வீஸ் ஹிஸ்டரியைக் கேட்டார்கள் என்றால் சேர்ந்த தேதி, விட்ட தேதி எல்லாம் வந்துவிடும். நாலு மாதத்தில் விட்டதற்கு ஒரு காரணம் சொல்லிவிடலாம், மறைத்ததற்கு என்ன சொல்வாய்?

உன்னை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்ட அந்தப் பெண்ணுக்கு இன்னும் ஒரு மெயில் போடு. பதில் எப்போது வரும் என்று கேட்காதே. "நான் இன்னும் காத்திருக்கலாமா, வேறு இடம் பார்க்கட்டுமா?" என்று கேள். அதற்குக் காத்திரு என்றோ, வேறு இடம் பார் என்றோ ஒரு வரி போட்டால் போதும். அவள் மேலே யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

ரெஸ்யூமை இன்றைக்கே எனக்கு அனுப்பு. சிவப்புப் பேனா வாங்கி வைத்திருக்கிறேன். வாடகைக்கு இந்த மாதம் எவ்வளவு குறைகிறது என்று அம்மாவிடம் மட்டும் சொல்லாமல் எனக்கும் சொல்.

அன்புடன்,
அப்பா