வாக்குத்தத்த அட்டை

வேலூர்
லெந்து இரண்டாம் ஞாயிறு, மாலை

கர்த்தருக்குள் பிரியமான பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நாங்கள் சுகம். அம்மாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறி இறங்குகிறது, பயப்பட ஒன்றுமில்லை. வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. அங்கே குளிர் விட்டதா? காதை மூடிக்கொண்டு போ.

போனில் சாப்பாடு, குளிர், டியூட்டி என்று பேசி வைத்துவிடுகிறோம். அதனால்தான் கடிதம். அம்மா வேண்டாம் என்றாள். "அவ என்ன இன்னும் சண்டே ஸ்கூல் பிள்ளையா?" என்றாள். உன் வயது எனக்கும் தெரியும்.

டிசம்பர் 31 வாட்ச் நைட் ஆராதனையில் புது வருஷத்துக்கான வாக்குத்தத்த வசன அட்டையைத் தட்டில் இருந்து எனக்கும் உனக்கும் எடுத்துக்கொண்டு வீடு வந்து சேர மணி ஒன்றே கால். வருஷா வருஷம் நான் செருப்பைக் கழற்றுவதற்குள் உன் போன் வரும். "எனக்கு என்ன வசனம்பா?" ஹாஸ்டலில் இருந்தபோதும் வந்தது, இங்கிலாந்துக்கு, லீட்ஸ் போன முதல் வருஷமும் வந்தது. இந்த வருஷம் இரண்டரை மணி வரை வெளியறையில் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் வாட்ஸ்அப்பில் ஒரு ரோஜாப்பூ வந்தது. நானும் ஒன்று அனுப்பினேன்.

நைட் டியூட்டியாக இருந்திருக்கும். ஞாயிறும் டியூட்டி. சரி. ஆஸ்பத்திரியைச் சுற்றியே வளர்ந்த ஊர் நம்முடையது, நர்சுக்கு ஞாயிறு ஏது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். போன முதல் மாதம், "கோயில் நடக்கிற தூரம்தான்பா, பதினைஞ்சு பேர் வர்றாங்க, எல்லாருக்கும் நம்ம ஆயா வயசு" என்றாய். அப்புறம் அந்தக் கோயில் பேச்சே இல்லை. நானும் கேட்கவில்லை. நான் கேட்காததை நீ கவனித்திருப்பாய்.

போக முடியாவிட்டால் இருக்கட்டும். காலையில் போனைத் தொடுமுன் ஒரு சங்கீதம் படி. 117ஆம் சங்கீதம் இரண்டே வசனம், பல் துலக்குகிற நேரம்கூட ஆகாது.

சின்னவன் வீட்டுக்கு வெள்ளையடிக்கிறான். அதெல்லாம் அப்புறம் எழுதுகிறேன்.

உனக்கு எட்டு வயதில், நம் ஊர் ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மா கதை சொன்னேனே, ஞாபகம் இருக்கிறதா? திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில், பிரசவம் பார்க்க ஒரு பெண் வேண்டும் என்று மூன்று பேர் வந்து அவர் வீட்டுக் கதவைத் தட்டியதும், பிரசவ வேதனையில் இருந்த மூன்று பெண்களும் விடிவதற்குள் செத்துப்போனதும். எந்தப் பிள்ளைக்குச் சொன்னாலும் அதன்பிறகு ஐடா எப்படி டாக்டர் ஆனார், ஆஸ்பத்திரி எப்படி வந்தது என்றுதான் கேட்கும். நீ, "செத்துப்போன அந்த மூணு அம்மா பேர் என்னப்பா?" என்று கேட்டாய். எனக்குத் தெரியவில்லை. நம் சபைப் போதகர் ஐயரைக் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை. அன்று ராத்திரி ஜெபத்தில் நீயாகவே "பேர் தெரியாத மூணு அம்மாவுக்காக" என்று சேர்த்துக்கொண்டாய். மறுநாள் ஸ்டாஃப் ரூம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். விழித்திருந்து ஜெபம்பண்ணுங்கள் என்று நாங்கள் வாயால் சொல்வதை இந்தப் பிள்ளை செய்கிறதே என்று எனக்கு அப்படி ஒரு பெருமை. அந்தப் பிள்ளைதான் இப்போது ரோஜாப்பூ அனுப்புகிறது.

கோபப்படாதே. ஒரு சங்கீதம் போதும், இரண்டு வசனம்.

இதை எழுதும்போதே பிளஸ் டூவில் நீ கேட்ட கேள்வி காதில் விழுகிறது. எட்டு மணி ஜெபத்தில், "ஆண்டவரே, கெமிஸ்ட்ரியில் 58 எடுத்த இந்தப் பிள்ளைக்குப் பொறுப்பைத் தாரும்" என்று நான் உருகிக்கொண்டிருந்தேன். கண்ணைத் திறக்காமலே கேட்டாய்: "அப்பா, நீ அவர்கிட்ட பேசுறியா, என்கிட்ட பேசுறியா?" அம்மா சிரித்துவிட்டாள். நான் அன்று சாப்பிடவில்லை. இப்போது நினைத்தால் அவரிடம் பேசியது குறைவுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. அம்மாவுக்கும் தெரியாது.

அதே வருஷம், 2016 வாட்ச் நைட்டுக்குப் படிப்பு இருக்கிறது என்று நீ வரவில்லை. தட்டில் இருந்து உனக்கும் நான்தான் அட்டை எடுத்தேன். "அமர்ந்திருந்து, நானே தேவனென்று அறிந்துகொள்ளுங்கள்" என்று வந்தது. பரீட்சைக்கு இரண்டு மாதம்தான் இருக்கிறது, இந்த நேரத்தில் அமர்ந்திருப்பதாவது! என் அட்டையில் உபாகமம் 28:8, நீ கையிடும் எல்லா வேலையிலும் ஆசீர்வாதம். வீட்டுக்கு வரும் வழியில் தெருவிளக்கின் கீழே நின்று இரண்டையும் மாற்றிக்கொண்டேன். நீ அதை மேஜைக்கு மேலே ஒட்டிவைத்துப் படித்தாய், பாஸ் செய்தாய், இன்றைக்கும் ஓடிக்கொண்டே இருக்கிறாய். உன்னுடையது இத்தனை வருஷமாக என் பைபிளில் இருக்கிறது. ஒருநாளும் அதன்படி நான் உட்காரவுமில்லை.

முப்பது வருஷம் வேதபாடம் நடத்தியவன் செய்த வேலை இது. உன் விசுவாசத்தைப் பற்றிக் கேட்க வாயெடுக்கும்போதெல்லாம் அந்தத் தெருவிளக்கு முன்னால் வந்து நிற்கிறது.

அந்தப் பழைய அட்டையை இத்துடன் வைத்திருக்கிறேன், ஓரம் கொஞ்சம் மடங்கியிருக்கிறது. இந்த வருஷத்து அட்டை தனிக் கவரில் இருக்கிறது. தட்டில் இருந்து எடுத்ததும் கவிழ்த்தபடியே கவரில் போட்டு ஒட்டிவிட்டேன். என்ன வசனம் என்று எனக்குத் தெரியாது. பிரித்துப் பார்த்தபின் நீ சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம்.

எலுமிச்சை ஊறுகாய் தனிப் பார்சலில் வருகிறது. எண்ணெய் கசிந்திருந்தால் அம்மாவிடம் சொல்லாதே.

அப்பா