பேட்டரியைப் பற்றி மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். தொலைபேசியில் பேசலாம் என்றால் பாதியில் உன் அம்மா வாங்கிக்கொள்கிறாள். மீதிப் பாதியில் எனக்குச் சொல்ல வேண்டியது மறந்துபோகிறது. ஆகவே கடிதமாகவே எழுதுகிறேன். உனக்கு வேலை மிகுதி என்று அம்மா சொன்னாள். ஞாயிற்றுக்கிழமைப் படங்கள் ஏன் வருவதில்லை என்று நான் கேட்கவில்லை. வாராவாரம் மின்னழுத்தம் அளக்கும் பழைய மீட்டர் ஒன்றைத் திறந்து, பழுது பார்த்து, படமும் எடுத்து அனுப்பிக்கொண்டிருக்க எவராலும் முடியாது என்பது எனக்குத் தெரியும்.

என் மேசைக்கு ஒரு பழைய நாலரை இலக்கக் கைமீட்டர் வந்து சேர்ந்திருக்கிறது. கொடுத்தவர், எண்கள் தெரியவில்லை, வேண்டாமென்றால் எறிந்துவிடுங்கள் என்று சொல்லித்தான் கொடுத்தார். பின்மூடியைக் கழற்றியதுமே மீன் நாற்றம். முதன்முதலில் அந்த நாற்றத்தை முகர்ந்த அன்று நீ மூக்கைப் பொத்திக்கொண்டு அடுத்த அறைக்கு ஓடியதை உன் தம்பி இன்னும் நடித்துக் காட்டுகிறான். சிறிய கண்டன்சர்கள் நான்கும் அடிப்பக்கம் கசிந்து, சுற்றியிருந்த செம்புத் தடங்கள் பச்சை பூத்துக் கிடந்தன. அவற்றை எடுத்துவிட்டு, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பழைய பல்துலக்கியால் இரண்டு முறை தேய்த்து, ஒரு நாள் முழுவதும் உலரவிட்டுப் புதியவற்றைப் பற்றவைத்தேன். ஆனாலும் எண்கள் வரவில்லை. பழுது வேறிடத்தில் இருந்தது: எல்சிடி கண்ணாடிக்கும் பலகைக்கும் நடுவே இருக்கும் ரப்பர்ப் பட்டை, நீ வரிக்குதிரை என்று பெயர் வைத்தாயே, அதன் இரு விளிம்புகளிலும் அழுக்குப் படிந்து தொடர்பு விட்டுப்போயிருந்தது. துடைத்துப் பொருத்தியதும் எண்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஒன்பதின் வால் மட்டும் வர மறுத்தது. பட்டையை ஒரு மயிரிழை இடப்பக்கம் தள்ளியதும் அதுவும் வந்தது. அந்த நேரத்தில் படம் எடுத்து உனக்கு அனுப்பத்தான் கை போனது. பிறகு அனுப்பவில்லை.

நீ இப்போது எதையாவது திறந்து வைத்திருந்தால் கவனமாக இரு. எண்களை ஒளியாகக் காட்டும் நிக்ஸிக் கண்ணாடிக் குழாய்கள் உள்ள மீட்டரில் அந்தக் குழாய்களை ஏற்றுவதற்கென்றே 170 வோல்ட்டுக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்கிறேன். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் வடிகட்டிக் கண்டன்சரில் மின்சாரம் தங்கியிருக்கும். ரெசிஸ்டர் வழியாக அதை இறக்கி, இறங்கிவிட்டதா என்று அளந்து பார்த்த பிறகே கை வை. பல ஆண்டுகள் ஓடாமல் கிடந்த எதையும் நேரே சுவர்ப் பிளக்கில் செருகாதே. மின்கம்பியில் தொடராக ஒரு பல்பைச் சேர்த்து, அந்தச் சீரியஸ் பல்பு வழியாக ஏற்று. பல்பு பளிச்சென்று எரிந்து, மங்காமல் அப்படியே நின்றால் உள்ளே ஏதோ ஷார்ட் ஆகியிருக்கிறது, உடனே அணைத்துவிடு. மின்சாரம் நுழையும் இடத்தில் வடிகட்டியாக வைத்திருக்கும் பழைய காகிதக் கண்டன்சர்களின் மேல் ஓட்டில் மெல்லிய வெடிப்புகள் தெரிந்தால், அது வேலை செய்கிறதா என்று ஆராயாமல் மாற்றிவிடு. வெடிப்பு வழியே ஈரம் இறங்கியிருக்கும். ஒரு நாள் புகைந்து, அறை முழுவதும் நாறிவிடும். இரவில் தனியாக இருக்கும்போது உயர் மின்னழுத்தப் பக்கத்தைத் திறக்காதே. திறந்தே ஆக வேண்டுமென்றால் இடக்கையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள். சீரியஸ் பல்பை மறக்காதே.

இன்னொன்று. முத்திரையெல்லாம் அழகாக இருக்கிறதே என்று பழைய மீட்டரை எடுத்துக்கொண்டு போய் வீட்டு மின்பெட்டியில் அளக்காதே. இப்போதைய பாதுகாப்புப் பிரிவுகள் வருவதற்கு முன்பு செய்யப்பட்டவை அவை. உள்ளே சாதாரணக் கண்ணாடி ஃப்யூஸ் இருந்தால், பெரிய மின்னோட்டத்தை அறுப்பதற்குள் அதுவே வெடித்துவிடும். 1977-இல் வந்த ஃப்ளூக் 8020ஏ எத்தனை அருமையான கைமீட்டர் என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை. ஆனாலும் அதற்குரிய இடம் மேசையும் பேட்டரிச் சுற்றுகளும்தான்.

உன்னைப் பற்றி எனக்குப் பெருமை இல்லாமல் இல்லை. இரட்டைச் சரிவு முறையை நான் உனக்கு விளக்கியபோது உனக்குப் பதின்மூன்று வயது. தெரியாத மின்னழுத்தத்தால் ஒரு கண்டன்சரைக் குறிப்பிட்ட நேரம் மட்டும் ஏற்றி, பிறகு தெரிந்த மின்னழுத்தத்தால் அதையே இறக்கி, இறங்க எவ்வளவு நேரம் ஆயிற்று என்று எண்ணுவதுதான் மீட்டரின் வேலை என்றேன். கண்டன்சருக்கு வயதாகி அதன் அளவு மாறிவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டாய். நான் பதில் சொல்லத் தொடங்குவதற்குள் நீயே, ஏறியதும் இறங்கியதும் ஒரே கண்டன்சரில்தானே, பிழை இரண்டு பக்கமும் அடிபட்டுப்போகுமே என்றாய். அந்த ஏற்றும் நேரத்தை 20 மில்லி வினாடியாகவோ அதன் மடங்காகவோ வைத்தால், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் இரைச்சல் மேலும் கீழுமாகச் சமப்பட்டு மறைந்துவிடும் என்பதை மட்டும்தான் நான் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. அன்று உன் அம்மாவிடம் போய் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுதப் போவதில்லை.

அந்த நிக்ஸி வோல்ட்மீட்டரை நீ மீட்டெடுத்ததும் அப்படித்தான். முதல் இலக்கத்தில் பல ஆண்டுகளாகச் சுழியமும் ஒன்றும் மட்டுமே எரிந்து, எரியாத எண்களின் மீது படலம் படிந்து, எட்டு பாதி உடலோடு தெரிந்தது. குழாயை மாற்றிவிடு என்றேன் நான். நீ கேட்கவில்லை. எட்டை மட்டும் சற்றே கூடுதல் மின்னோட்டத்தில் இரவுகள்தோறும் எரியவிட்டு, படலத்தை அதன் மேலிருந்தே கழற்றினாய். முழு எட்டு தெரிந்த படத்தை இன்னும் வைத்திருக்கிறேன். அவ்வளவு பொறுமை உனக்கு யாரிடமிருந்து வந்தது என்று தெரியவில்லை, என்னிடமிருந்து வரவில்லை.

அதனால்தான் தம்பி சொன்னதை என்னால் நம்ப முடியவில்லை. நீ உன் மீட்டர்களை எல்லாம் குமிழித்தாளில் சுற்றி, பெட்டிகளில் போட்டு, மேலே ஒட்டி வைத்திருக்கிறாயாம். யாருக்கோ கொடுக்கப் போகிறாயாம். உன் பொருள், உன் விருப்பம். வீட்டில் இடம் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1950-களின் தொடக்கத்தில் ஆண்ட்ரூ கே செய்த, ரிலேக்கள் தடதடவென்று தட்டி எண் காட்டும் அந்த முதல் டிஜிட்டல் வோல்ட்மீட்டர்களில் ஒன்றையாவது ஒரு நாள் கையால் தொட வேண்டும் என்று சொன்ன பெண், கேட்காமல் கொள்ளாமல் எல்லாவற்றையும் கட்டி வைப்பதென்றால், அப்பாவுக்கு ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம். கட்டி வைப்பதாக இருந்தால் பேட்டரிகளைக் கழற்றிவிட்டுக் கட்டு. உள்ளே கசிந்தால் தடங்களைத் தின்றுவிடும். எல்சிடி உள்ளவற்றை வெப்பத்தில் வைக்காதே. பேட்டரிகளைக் கழற்றிவிடு என்றேன் அல்லவா, அது எல்லா மீட்டர்களுக்கும் பொருந்தாது. எதற்குப் பொருந்தாது என்பது உனக்குத் தெரியும்.

இதை எழுதத்தான் இரண்டு தாள்களாகச் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

உன் 3478ஏ, அந்த எச்பி மேசைமீட்டரின் நினைவகத்தைக் காக்கும் பேட்டரி தானாகச் செத்துப்போகவில்லை. திறந்து பார்த்தபோது 0.3 வோல்ட்தான் இருந்தது என்று தொலைபேசியில் உன்னிடம் சொன்னேன். அது பொய். 2.94 வோல்ட் இருந்தது. 1980-களில் செய்த அந்த மீட்டரில் தொழிற்சாலையில் பற்றவைத்த மூன்று வோல்ட் லித்தியம் செல், இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் உயிரோடு, மீட்டர் சரியாக அளக்கத் தேவையான திருத்த எண்களைக் காத்துக்கொண்டு இருந்தது. அதன் மேல் நீ ஒட்டியிருந்த சீட்டையும் படித்தேன். "தொடாதீர்கள். நான் வந்து நினைவகத்தைப் படித்து எடுத்த பிறகு மாற்றலாம்." உன் கையெழுத்து.

எனக்குப் பொறுக்கவில்லை. நீ அடுத்த முறை வருவதற்குள் செல் இறந்துவிட்டால் என்ன செய்வது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் நீ வரும்போது வேலை முடிந்திருக்க வேண்டும், அப்பாவால் இன்னும் முடியும் என்று நீ பார்க்க வேண்டும் என்பதுதான் காரணம். அணைத்து வைத்த மீட்டரில், பழைய செல்லுக்கு இணையாக இன்னொரு செல்லை முதலை கிளிப்புகளால் கட்டிவிட்டு, பழையதை ஈயம் இளக்கிக் கழற்றினேன். அந்த முறையில் தவறில்லை; கை நடுங்காத ஒருவர் செய்திருந்தால் எதுவும் ஆகியிருக்காது. சால்டரிங் அயர்னை எடுக்கும்போது புறங்கை கம்பியில் பட்டு, எதிர்முனைக் கிளிப் கழன்றது. திரும்பப் பிடித்து மாட்டுவதற்கு இரண்டு வினாடிகூட ஆகியிருக்காது. மீட்டரை ஏற்றினேன். வழக்கமாக வரும் சுயசோதனைச் செய்திக்குப் பதிலாக, திருத்த எண்கள் போய்விட்டன என்ற எச்சரிக்கை வந்தது. அணைத்தேன், மறுபடி ஏற்றினேன். எத்தனை முறை அப்படிச் செய்தேன் என்று கேட்காதே.

வெறும் 256 எண்கள், ஒவ்வொன்றும் 4 பிட். ஒரு தாளில் எழுதிவிடலாம். நீ ஜிபிஐபி என்ற கணினி இணைப்பில் பத்து நிமிடத்தில் எடுத்திருப்பாய்.

நான் அழித்தது எண்களை மட்டும் அல்ல என்பதும் எனக்குத் தெரியும். எட்டாம் வகுப்பு முடிந்த விடுமுறையில் எல்எம்399 என்ற நிலையான மின்னழுத்தச் சிப்பை வைத்து நாம் செய்த பெட்டியை, ஆண்டுக்கு ஒரு முறை, அதே மீட்டரில், இரண்டு மணி நேரம் சூடாக்கிய பிறகு அளந்து நோட்டுப் புத்தகத்தில் எழுதி வந்தோம். 6.9482, 6.9482, 6.9483. பன்னிரண்டு ஆண்டுகளில் கடைசி இலக்கம் மட்டும்தான் அசைந்தது. பெட்டி நகர்ந்ததா, மீட்டர் நகர்ந்ததா என்று ஒவ்வோர் ஆண்டும் வாதிட்டோம். நீதான், இரண்டையும் தொடாமல் விட்டால்தான் என்றைக்காவது தெரியும் என்பாய். மீட்டரை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால் ஒவ்வொரு ரேஞ்சாகத் திருத்தி, முன்பைவிடச் சரியாகவே கொடுத்துவிடுவார்கள். ஆனால் அதற்குப் பிறகு எழுதும் வரி அந்த வரிசையில் சேராது.

நீ அன்று தொலைபேசியில் என்ன சொன்னாய் என்பது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது. "போன முறையே நான் படித்து எடுத்திருக்கணும்ப்பா. சோம்பேறித்தனம். என் தப்புதான்." உன் தவறு இல்லை என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். பரவாயில்லை, விடு என்றேன், ஏதோ உன்னை மன்னிப்பவனைப் போல. அதற்குப் பிறகு நீ மீட்டர்களைப் பற்றி என்னிடம் பேசவில்லை. பெட்டிகளில் கட்டி வைப்பதற்கும் அதற்கும் தொடர்பு இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. வேறு காரணம் இருந்தால் அதையும் எழுது. இல்லாவிட்டால் உன் அம்மாவிடமாவது சொல். ஆனால் இது ஒன்றுதான் காரணம் என்றால், அந்தப் பழி உன்னுடையது அல்ல.

மீட்டரில் புதிய செல் பற்றவைத்திருக்கிறேன். முன்பக்கத்தில் உள்ள திருத்தத் திருகை நான் திருப்பவில்லை. அதன் மேல் நீ ஒட்டிய தாளும் அப்படியே இருக்கிறது. ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவதா, நாமே செய்வதா, அப்படியே விட்டுவிடுவதா என்பதை நீ சொல். கழற்றிய பழைய செல்லை ஒரு சிறு உறையில் போட்டு நோட்டுப் புத்தகத்தின் உள்ளட்டையில் ஒட்டியிருக்கிறேன். இன்று காலை அளந்தேன், இன்னும் 2.94. இந்த ஆண்டுக்கு உரிய வரியில் எண்ணுக்குப் பதிலாக, நடந்ததையும் தேதியையும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மாமாவின் பச்சைப் பெட்டிக்கு அடியில் புத்தகம் இருக்கிறது.

பெட்டிகளைப் பிரித்தால் நிக்ஸி மீட்டரை முதலில் எடு. பல நாள் ஓடாமல் கிடந்திருக்கும். அதையும் சீரியஸ் பல்பு வழியாகவே ஏற்று.

அன்புடன்,
அப்பா