மணவீட்டாரிடம் ஒரு நாதஸ்வரக்காரனின் விண்ணப்பம்

மதிப்பிற்குரிய மணவீட்டாருக்கும், அவர்கள் சார்பில் மேளம் பேசி முடிக்கும் ஒப்பந்தக்காரர்களுக்கும் வணக்கம்.

இருபத்தாறு ஆண்டுகளாக முகூர்த்த நாள்களை நம்பிக் குடும்பம் நடத்தி வருகிறேன். நீங்கள் தந்த சன்மானத்தில்தான் என் பிள்ளைகள் படித்தார்கள். ஆகவே, சினிமாப் பாட்டு வாசிக்க மாட்டேன் என்று சொல்வதற்காக இந்த மடலை எழுதவில்லை. 1962-இல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகியின் குரலுக்கு ஈடுகொடுத்துக் காருகுறிச்சி அருணாசலம் நாதஸ்வரத்தில் வாசித்த அந்த ஆபேரி இராகப் பாட்டை யாராவது கேட்டால், ஊதுமுனையில் செருகும் சீவாளியை நனைத்துக்கொண்டு இன்றைக்கும் ஆசையோடு தொடங்கிவிடுவேன். சினிமாப் பாட்டைத் தவிர வேறெதற்கும் இடமில்லாமல் போய்விட்டதே என்பதுதான் என் வருத்தம்.

சென்ற ஆவணியில் ஒரு மண்டபத்தில், மாப்பிள்ளை அழைப்பு முடிந்து வரவேற்பு தொடங்குவதற்கு முன்னால் சற்று ஓய்வு கிடைத்தது என்று தோடி இராகத்தை எடுத்தேன். அதன் காந்தார ஸ்வரத்தில் நின்று அசைத்து, மெல்ல மேலே போய்க்கொண்டிருந்தேன். தவில்காரர் கம்பை மடியில் வைத்துவிட்டுக் கண்மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. மணவீட்டுத் தம்பி ஒருவர் வந்து கைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினார். அதில் பதினோரு பாட்டுகள் வரிசையாக இருந்தன. "அண்ணே, இதை மட்டும் வாசிங்க, வீடியோ எடுக்கணும்" என்றார். அவர் மரியாதைக் குறைவாகப் பேசவில்லை. காந்தாரத்தை அப்படியே விட்டுவிட்டு முதல் பாட்டுக்குப் போனேன். பேசிய தொகையில் ஒரு ரூபாயும் குறையவில்லை. ஆனால் அன்று இரவு பந்தியில் உட்கார எனக்கு மனம் வரவில்லை.

கோயில் புறப்பாட்டுக்கு வாசிக்கும் மல்லாரியோடு சுவாமி வெளியே வந்தபின், வீதியில் நின்று நின்று மணிக்கணக்கில் இராகம் வாசித்துத்தான் இந்த வாத்தியம் வளர்ந்தது. 1956-இல் மறைந்த நாதஸ்வர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைப் பெரியவர்கள் இன்றும் பேசுகிறார்கள் என்றால், அவருடைய மேதைமையோடு, விடிய விடியக் கேட்கக் காத்திருந்த ஊர்களுக்கும் அதில் பங்குண்டு. நரசிங்கம்பேட்டையில் பழைய வீடுகளின் ஆச்சா மரத்தைத் தேடி வாங்கிக் கடைந்து தரும் குழலில், விரலோடு மூச்சின் அழுத்தமும் உதட்டின் பிடியும் சேர்ந்தால்தான் ஸ்வரத்தை அசைத்து இழைக்கும் கமகம் பிறக்கும். அந்தப் பிடி இராகம் வாசித்து வாசித்தே வருவது, மெட்டை மட்டும் ஒப்பித்தால் வராது.

என்னிடம் கற்கும் பையன் போன மாதம் கேட்டான்: "முப்பது பாட்டு தெரிந்தால் முகூர்த்தத்துக்குப் போதுமே ஐயா, வர்ணம் எதற்கு?" வர்ணம் என்பது இராகத்தின் பிடிகளைப் பழக்கும் உருப்படி. அவன் குடும்பத்தின் நிலைமை எனக்குத் தெரியும். பாட்டு மட்டுமே வாசிப்பவர்களுக்கு என்னைவிட அதிக நாள்கள் கிடைப்பதையும் அவன் பார்க்கிறான். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பதிலை நீங்கள்தான் தர முடியும்.

உங்களிடம் நான் கேட்பது இருபது நிமிடம். மாப்பிள்ளை அழைப்பு நாளின் மாலையில், ஒலிபெருக்கியில் வேறு பாட்டு எதுவும் போடாமல், எங்கள் விருப்பப்படி ஓர் இராகத்தை வாசிக்கவும், தவில்காரர் தனி வாசிக்கவும் விடுங்கள். அதற்காகத் தனியே பணம் வேண்டாம். மீதி நேரமெல்லாம் நீங்கள் சொல்லும் பாட்டையே மனமார வாசிக்கிறோம். தை முகூர்த்தங்களுக்கு இப்போதே மேளம் பேசத் தொடங்கிவிட்டீர்கள். முன்பணம் கொடுக்கும்போதே அந்த இருபது நிமிடத்தையும் ரசீதில் எழுதிவிடுங்கள். அன்றைக்கு அந்தப் பையனையும் அழைத்து வந்து என் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தஞ்சை மாவட்டத்து நாதஸ்வரக்காரன் ஒருவன்