பொலிஸ் செய்த பிழைக்கு யார் காசு கட்டுவது?

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

அமெரிக்க நகரங்களில் பொலிஸுக்கு இவ்வளவு காசு எதற்கு என்று மக்கள் மல்லுக்கட்டுவதைப் பற்றிப் பேச்சு வந்தால், அது அவர்கள் பாடு, நமக்கென்ன என்று இங்கே இலங்கையில் பலர் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மினியாபொலிஸை எடுத்துப் பாருங்கள். 2017இல் வீட்டுக்குப் பின்னால் யாரோ ஒரு பெண்ணுக்கு ஆபத்து என்று நினைத்து ஓர் அவுஸ்திரேலியப் பெண் பொலிஸைக் கூப்பிட்டார். வந்த பொலிஸ்காரரே அவரைச் சுட்டுக் கொன்றார். 2019இல் குடும்பத்துக்கு 2 கோடி டொலர் நட்டஈடு. அடுத்த வருடமே ஜோர்ஜ் ஃபுளொய்ட் என்ற கறுப்பினத்தவரைப் பொலிஸ்காரர் ஒருவர் கொன்றார். கழுத்தில் முழங்காலை வைத்து அழுத்தியதை உலகமே பார்த்தது. அதற்கு 2021இல் 2 கோடியே 70 இலட்சம் டொலர். இரண்டையும் கட்டியது நகரம், அதாவது வரி கட்டுகிற சனம்.

ஆனாலும் அங்கே நகர சபை பொலிஸ் செலவை வெளிப்படையாக விவாதிக்கிறது, ஊர்ச்சனம் போய் மைக்கில் பேசலாம். பொலிஸ் திணைக்களத்துக்குப் பதிலாக வேறோர் அமைப்பைக் கொண்டுவருவதா என்று 2021 நவம்பரில் வாக்கெடுப்பே வைத்தார்கள். 56 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். சரி, அது அவர்கள் முடிவு. கேள்வி மக்களிடம் போனதே, அதுதான் எனக்குப் பெரிது.

நமக்கு அந்த வழி எங்கே? மாகாணங்களுக்குப் பொலிஸ் அதிகாரம் என்று 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தில் எழுதியது இன்னும் எழுத்தில்தான் கிடக்கிறது. கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், மாவட்ட ஒருங்கிணைப்புக் குழு கூடினால் யானை வேலி, மணல் அகழ்வு எல்லாம் பேசுவார்கள், பொலிஸ் அதிகாரிகளும் இருப்பார்கள், பொலிஸின் வரவு செலவை மட்டும் யாரும் கேட்பதில்லை. வேலி எல்லைத் தகராறு ஒன்றுக்கு முறைப்பாடு கொடுக்கப் போன என் சித்தியோடு நானும் போயிருந்தேன். அவர் தமிழில் சொல்லச் சொல்ல, எழுதியவர் பெரிய கொப்பியில் சிங்களத்தில் எழுதிவிட்டுக் கீழே விரலால் காட்டி, கையெழுத்து வையுங்கள் என்றார். வாசித்துக் காட்டுங்கள் என்று கேட்டதற்கு, "நீங்க சொன்னதுதான்" என்பதோடு முடிந்தது. தமிழ் எழுதத் தெரிந்த ஒருவரை அந்த மேசையில் உட்காரவைக்க முடியாத அளவுக்கா பணம் இல்லை?

நட்டஈட்டு விஷயத்தில் நம் நாட்டிலேயே நல்ல முன்மாதிரி இருக்கிறது. நம் மட்டக்களப்பு சியோன் தேவாலயத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்த 2019 ஈஸ்டர் தாக்குதல் வழக்கில், உயர் நீதிமன்றம் 2023 ஜனவரியில் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாவும், முன்னாள் பொலிஸ் மா அதிபர் பூஜித் ஜயசுந்தர ஏழரைக் கோடியும் சொந்தப் பணத்தில் கட்ட வேண்டும் என்று தீர்த்தது. போன உயிருக்கு அது ஈடாகாது, ஆனால் பொறுப்பானவரின் பையில் கைவைத்த தீர்ப்பு அது. அதே வருடம் டிசம்பரில், ஒருவரைச் சித்திரவதை செய்த வழக்கில் மூத்த பொலிஸ் அதிகாரி தேசபந்து தென்னகோனையும் நட்டஈடு கட்டச் சொன்னது. இரண்டே மாதத்தில் அவரைப் பொலிஸ் மா அதிபராக்கினார்கள்! பாராளுமன்றம் அவரைப் பதவி நீக்க 2025 ஆகஸ்ட் வரை போனது.

மட்டக்களப்பு, அம்பாறை எம்பிமாரிடம் நான் கேட்பது இதுதான். நம் மாவட்டப் பொலிஸ் நிலையங்களுக்கு வருடத்துக்கு என்ன செலவாகிறது, பொலிஸாரின் பிழைக்காக எவ்வளவு நட்டஈடு போனது, அதைக் கட்டியது பிழை செய்தவரா திறைசேரியா என்று தமிழில் எழுதி, அடுத்த ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் வாசிக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
களுவாஞ்சிகுடி.